பத்து குட்டி எஞ்சின்களும் ஒன்பது மைல் பாதையும்: அயர்லாந்தின் ஜி வகை டீசல்கள், ஒரு நிகழ்வு ஆய்வு

அயர்லாந்து ரயில்வேயின் ஜி வகை எஞ்சினைப் படத்தில் முதன்முதலாகப் பார்க்கிறவர்கள், ஏதோ தொழிற்சாலை வளாகத்துக்குள் பெட்டி தள்ளுகிற வண்டி என்றுதான் நினைப்பார்கள். நாலே சக்கரம். ஒரு முனையில் ஓட்டுநர் அறை, அதற்கு முன்னால் தாழ்வாக நீளும் எஞ்சின் கூடு, அவ்வளவுதான். முதலில் வந்தவற்றின் சக்தி 130 குதிரைத்திறன், அதாவது இன்றைக்கு நகரத்தில் ஓடும் ஒரு சாதாரண பஸ்ஸுக்கு இருப்பதை விடக் குறைவு. ஆனால் இந்த வகை எஞ்சின்தான் கால்வே மாவட்டத்தில் ஒரு கிளைப்பாதையில், கால அட்டவணை போட்டு, டிக்கெட் வாங்கிய பயணிகளை ஏற்றிக்கொண்டு ஓடியிருக்கிறது. பின்னால் ஒரு பயணிகள் பெட்டி, அதற்குப் பின்னால் சரக்கு வேகன்கள்.

எனக்கு இந்த எஞ்சின்கள் மேல் பல வருஷமாக ஈர்ப்பு உண்டு. அழகுக்காக மட்டும் இல்லை. நஷ்டத்தில் ஓடும் ஒரு சிறிய ரயில் பாதையை, செலவு குறைந்த சிறிய எஞ்சின் ஒன்றைப் போட்டுக் காப்பாற்ற முடியுமா என்ற கேள்விக்கு உலகத்தில் பல இடங்களில் பதில் தேடியிருக்கிறார்கள். அயர்லாந்து அதைப் பணம் போட்டு, எஞ்சின் வாங்கி, ஓட்டியே பார்த்தது. முடிவு கையில் இருக்கிறது. அதனால்தான் இதை எடுத்து அலசலாம் என்று உட்கார்ந்தேன்.

என்ன வாங்கினார்கள், எப்போது

வாங்கியது சி.ஐ.இ. என்ற போக்குவரத்து நிறுவனம். 1945இல் கிரேட் சதர்ன் ரயில்வேயையும் டப்ளின் நகரின் டிராம், பஸ் கம்பெனியையும் இணைத்து உருவானது, 1950இல் அரசுடைமை ஆனது. ஜெர்மனியின் கொலோன் நகரத்து டாய்ட்ஸ் கம்பெனியிடமிருந்து 1956 வாக்கில் முதலில் மூன்று எஞ்சின்கள் வந்தன: ஜி601, ஜி602, ஜி603. உச்ச வேகம் மணிக்கு 20 மைல், அதாவது 32 கிலோமீட்டர். அப்புறம் 1961-62இல் இன்னும் ஏழு, ஜி611 முதல் ஜி617 வரை. இவற்றுக்கு 160 குதிரைத்திறன், வேகம் 25 மைல். ஆக மொத்தம் பத்து.

அந்த 'ஜி' எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்களுக்கு: சி.ஐ.இ. தன் டீசல்களைச் சக்தியையும் வேலையையும் பொறுத்து எழுத்து போட்டுப் பிரித்து வைத்திருந்தது. ஏ என்றால் பெரிய மெயின்லைன் எஞ்சின், பி அதற்குக் கீழே, சி கிளைப்பாதைக்கு. டி என்றால் மின்வழி இயங்கும் ஷண்டர் (யார்டில் பெட்டிகளைத் தள்ளிக் கோர்க்கிற எஞ்சின்), இ என்றால் ஹைட்ராலிக் ஷண்டர், எஃப் குறுகிய பாதைக்கு, ஜி எல்லாவற்றையும் விடச் சின்னது. அந்த வரிசையைப் பார்த்தாலே நிறுவனத்தின் திட்டம் புரிந்துவிடும். ஒவ்வொரு வேலைக்கும் அதற்கேற்ற அளவில் ஓர் எஞ்சின், அதுதான் அவர்கள் எண்ணம். இந்த எண்ணம்தான் பின்னால் பிரச்சினை ஆனது, அதற்கு வருகிறேன்.

இவ்வளவு அவசரமாக டீசலுக்கு ஏன் போனார்கள்? நிலக்கரிதான் காரணம். அயர்லாந்தில் சொல்லிக்கொள்ளும்படி நிலக்கரி கிடையாது, எல்லாம் பிரிட்டனிலிருந்து கப்பலில் வர வேண்டும். இரண்டாம் உலகப்போர் காலத்தில் வந்தது கொஞ்சம், வந்ததும் குப்பை. எரியாத கரியைப் போட்டு எஞ்சினை நகர்த்த முடியாமல் நடுவழியில் நிறுத்தி, நெருப்பைச் சுத்தம் செய்து, மறுபடி மூட்டிப் போன காலம் அது. போர் முடிந்த பிறகும் விடிவு வரவில்லை. 1947 குளிர்காலத்தில் எரிபொருள் தட்டுப்பாட்டால் பயணிகள் சேவையையே நிறுத்த வேண்டி வந்தது. அந்த வருஷம் நிறைய நீராவி எஞ்சின்களை எண்ணெய் எரிக்கும்படி மாற்றினார்கள். அவற்றின் டெண்டரில், அதாவது எஞ்சினுக்குப் பின்னால் எரிபொருளும் தண்ணீரும் சுமக்கும் வண்டியில், பெரிய வெள்ளை வட்டம் வரைந்து வைத்தார்கள். தூரத்திலிருந்து வட்டத்தைப் பார்த்ததுமே, இது நேரத்துக்கு ஓடக்கூடிய வண்டி, இதற்கு முதலில் வழி விடலாம் என்று சிக்னல் பெட்டியில் இருப்பவருக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக. ஒரு ரயில்வே தன் எஞ்சின்களில் எது நம்பகமானது என்று வெள்ளைப் பெயின்டில் எழுதி வைக்க வேண்டிய நிலைமைக்கு வந்திருந்தது என்றால், அங்கிருந்தவர்கள் டீசலை எந்தக் கண்ணோடு பார்த்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

அதே 1947-48இல்தான் டப்ளின் இஞ்சிகோர் பட்டறையில் ஐந்து டி வகை ஷண்டர்களைக் கட்டினார்கள். மிர்லீஸ் எஞ்சின், பிரஷ் கம்பெனியின் மின் கருவிகள், 487 குதிரைத்திறன். ஷண்டிங்தான் டீசலுக்கு மிகப் பொருத்தமான முதல் வேலை, ஏனென்றால் யார்டில் நிற்கும் நீராவி எஞ்சின் வேலை இல்லாதபோதும் கரி தின்றுகொண்டே இருக்கும். அடுத்து 1957-58இல் இ வகை, முதலில் பத்தொன்பது. ஆலிவர் புல்லீட் அப்போது தலைமை இயந்திரப் பொறியாளர், இங்கிலாந்தின் சதர்ன் ரயில்வேயில் பெயர் பெற்று அயர்லாந்துக்கு வந்தவர். மேபாக் எஞ்சின், ஹைட்ராலிக் கியர், சுமார் 400 குதிரைத்திறன். 1962-63இல் இன்னும் பதினான்கு. இ வகை மட்டும் முப்பத்து மூன்று. டி, இ, ஜி மூன்றையும் கூட்டினால் நாற்பத்தெட்டு. சின்ன நாட்டுக்கு இது சின்ன எண்ணிக்கை இல்லை.

குட்டி எஞ்சினால் என்ன முடியும்

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கணும், ஏனென்றால் பலர் இங்கேதான் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். 130 குதிரைத்திறன் எஞ்சின் ஒரு ரயிலை இழுக்குமா என்று கேட்டால், இழுக்கும். எந்த வேகத்தில் என்பதுதான் விஷயம்.

மோட்டாமோட்டாக ஒரு கணக்கு போடலாம். 130 குதிரைத்திறன் என்றால் ஏறத்தாழ 97 கிலோவாட். வழியில் இழப்பு போகச் சக்கரத்தில் 75 கிலோவாட் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நடக்கிற வேகத்தில், மணிக்கு 5 கிலோமீட்டரில், இந்தச் சக்தியைக் கொண்டு ஐந்தரை டன் இழுவிசை வரைக்கும் தர முடியும். ஆனால் 20 டன் எடையுள்ள ஒரு நாலு சக்கர எஞ்சினின் சக்கரங்கள் ஐந்து டன் இழுவிசைக்கு மேல் போனால் தண்டவாளத்தில் வழுக்கிச் சுற்ற ஆரம்பித்துவிடும். அதாவது மெதுவாகப் போகும்போது அதற்குச் சக்திப் பஞ்சமே கிடையாது, எடைதான் போதாது. சமதளத்தில் அந்த ஐந்து டன் இழுவிசையைக் கொண்டு பல நூறு டன் வேகன்களை நகர்த்திவிடலாம். யார்டில் நாள் முழுக்க நடப்பது இதுதானே.

இப்போது அதே எஞ்சினை அதன் முழு வேகமான 20 மைலில் ஓட்டுங்கள். அதே 75 கிலோவாட், வேகம் ஆறு மடங்குக்கு மேல். இழுவிசை ஒரு டன்னுக்கும் கீழே இறங்கிவிடும். சமதளத்தில் நூற்றெழுபது டன் வரை சமாளிக்கலாம், சரி. ஆனால் நூற்றுக்கு ஒன்று என்ற ஏற்றம் வந்தால் எஞ்சினின் சொந்த எடையையும் சேர்த்து அறுபது டன்னைத் தாண்டாது. எஞ்சின் எடையைக் கழித்தால் சரக்கு ஏற்றிய இரண்டு மூன்று வேகன்கள்தான் மிச்சம். அதற்கு மேல் போட்டால் ஏற்றத்தில் வேகம் குறைந்து குறைந்து ஊர்ந்துதான் போகும். போய்ச் சேராது என்று சொல்லவில்லை, போய்ச் சேரும், நேரமாகும்.

பிரேக் இன்னொரு சங்கதி. அந்தக் காலத்து அயர்லாந்து சரக்கு வண்டிகளில் பெரும்பாலானவை தொடர் பிரேக் இல்லாதவை. வேகன்களைச் சங்கிலிக் கொக்கியில் தளர்வாக மாட்டியிருப்பார்கள், ஓடும்போது ரயில் முழுக்க பிரேக் பிடிப்பது எஞ்சினும் கடைசியில் இருக்கும் கார்டு வண்டியும் மட்டும்தான். நூறு டன் வேகன்கள் பின்னாலிருந்து தள்ள, இருபது டன் எஞ்சின் முன்னால் நின்று பிடிக்க வேண்டும் என்றால் இறக்கத்தில் ஓட்டுநருக்கு எவ்வளவு கவனம் வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை. மேலே ஏற்ற எவ்வளவு இழுக்கலாம் என்பதை விட, கீழே இறக்க எவ்வளவு பிடிக்கலாம் என்பதுதான் சின்ன எஞ்சினின் உண்மையான எல்லை. பயணிகள் வண்டிக்கு இப்படி விட முடியாது, எல்லாப் பெட்டியிலும் வேலை செய்யும் வெற்றிட பிரேக் வேண்டும்.

இவ்வளவும் சொன்ன பிறகு இதன் நல்ல பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அது உண்மையிலேயே நல்ல பக்கம். முதல் மூன்று எஞ்சின்களில் இருந்தது காற்றால் குளிரும் டாய்ட்ஸ் எட்டு சிலிண்டர் எஞ்சின். தண்ணீரே கிடையாது. குளிர்கால இரவில் கொட்டகைக்கு வெளியே நிறுத்தினால் உறைந்து வெடிக்க ரேடியேட்டரில் ஒன்றும் இல்லை. ஒரு கிளைப்பாதையின் கடைசி ஸ்டேஷனில் நீராவி எஞ்சின் ஒன்றை வைத்திருக்க என்னென்ன வேண்டும் என்று நினைத்துப் பாருங்கள். தண்ணீர்த் தொட்டி, அதற்கு பம்பு, கரி மேடை, சாம்பல் குழி, முதல் வண்டி ஏழு மணிக்கு என்றால் விடிவதற்கு முன்பே வந்து நெருப்பு மூட்ட ஓர் ஆள். டாய்ட்ஸ் வந்த இடத்தில் இதெல்லாம் வேண்டாம். ஸ்டார்ட் செய்து, கொஞ்சம் சூடேற விட்டுக் கிளம்பலாம். வேலை இல்லையா, அணைத்துவிட்டுப் போகலாம். வாங்கியவர்களின் யோசனையில் தப்பு ஒன்றும் இல்லை.

லாக்ரே

கால்வே மாவட்டத்தில் லாக்ரே ஓர் ஏரிக்கரை ஊர். டப்ளினிலிருந்து கால்வே போகும் மெயின்லைனில் அட்டிமன் என்ற சந்திப்பிலிருந்து அதற்கு ஒன்பது மைல் கிளை, நடுவில் டன்சாண்டில் என்று ஒரே ஒரு ஸ்டேஷன். 1890 டிசம்பரில் திறந்தார்கள். லாபம் வரும் என்று நம்பிக் கட்டிய பாதை இல்லை. முதலீட்டுக்கு வட்டி வராமல் போனால் அந்த வட்டார வரிதாரர்கள் ஈடுகட்டுவார்கள் என்ற உத்தரவாதத்தின் பேரில் கட்டியது. அந்தக் காலத்து அயர்லாந்தில் இப்படிக் கட்டிய லைட் ரயில்வேக்கள், அதாவது செலவைக் குறைத்துக் கட்டிய எளிய பாதைகள், நிறைய. ஓட்டியது மிட்லண்ட் கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே.

ஜி வகைக்கு இதை விடப் பொருத்தமான பாதையைத் தேடினாலும் கிடைத்திருக்காது. ஒன்பது மைலை 25 மைல் வேகத்தில் நிற்காமல் போனால் 22 நிமிஷம், நடுவில் ஒரு நிறுத்தத்தோடு அரை மணிக்குள் முடிந்துவிடும். 60 மைல் வேகத்து எஞ்சினை இங்கே போட்டால் மிச்சமாகப் போவது பத்து நிமிஷம்தான், அந்தப் பத்து நிமிஷமும் அட்டிமனில் மெயின்லைன் வண்டிக்காகக் காத்திருப்பதில் கரைந்துவிடும்.

இங்கே ஓடியதைப் போல பயணிகள் பெட்டியும் சரக்கு வேகன்களும் சேர்ந்து போவதைக் கலப்பு வண்டி என்பார்கள். அட்டிமனில் பயணிகள் மெயின்லைன் வண்டியிலிருந்து இறங்கி இந்தச் சின்ன வண்டிக்கு மாறுவார்கள். லாக்ரே போய்ச் சேர்ந்ததும் எஞ்சினைக் கழற்றி, முன்னால் நகர்த்தி, லூப் என்கிற பக்கத்துத் தண்டவாளத்தில் பின்னோக்கிக் கொண்டுவந்து, ரயிலின் மறுமுனையில் மாட்ட வேண்டும். நடுவே வேகன்களைப் பிரித்துச் சரக்குக் கொட்டகைக்குத் தள்ள வேண்டும், திரும்பப் போக வேண்டியவற்றைக் கோர்க்க வேண்டும். ஒரே எஞ்சின் அரை மணி நேரம் பயணிகள் எஞ்சின், அடுத்த இருபது நிமிஷம் ஷண்டர், மறுபடி பயணிகள் எஞ்சின். இரண்டு ஊழியர்களும் ஒரு லாந்தரும் பொறுமையும் இருந்தால் நடக்கும் வேலை. ஷண்டர் என்று பெயர் வைத்த ஒரு வண்டி ஒரு ஊருக்கே ரயில்வேயாக இருந்தது இப்படித்தான். எனக்கு இந்த முழுக் கதையிலும் பிடித்த இடம் இதுதான்.

லாக்ரே கிளை 1975 நவம்பர் வரை ஓடியது. அயர்லாந்தின் கிராமப்புறக் கிளைப்பாதைகள் ஒவ்வொன்றாக மறைந்த பிறகும், 1963இன் முதல் நாளிலேயே பிர், பனகர் கிளைகளுக்குப் பூட்டு போட்ட பிறகும், இது ஓடிக்கொண்டிருந்தது. ஆகவே ஜி வகை காப்பாற்றிவிட்டது என்று சிலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இந்தக் கிளையில் ஜி வகை மட்டும் ஓடவில்லை, அதை விட எத்தனையோ மடங்கு சக்தியுள்ள சி வகை எஞ்சின்களும் இதே பாதையில் இதே கலப்பு வண்டியை இழுத்திருக்கின்றன. எஞ்சின் மாறியும் பாதை தொடர்ந்தது, பாதை மூடப்பட்டபோதும் அதற்கு எஞ்சின் காரணமாக இல்லை.

செலவு எங்கே இருந்தது

ஒரு கிளைப்பாதையின் செலவைக் கையில் எடுத்துப் பிரித்தால் எஞ்சினின் எரிபொருளும் பராமரிப்பும் ஒரு சின்னக் கைப்பிடிதான். மற்றதெல்லாம் தரையில் கிடக்கிறது. ஒன்பது மைல் தண்டவாளம், அழுகும் கட்டைகள், மழை ஊரில் எப்போதும் அடைத்துக்கொள்ளும் வடிகால்கள், பாலங்கள், இரண்டு பக்கமும் மாடு ஏறி வராமல் வேலி. பாதை சாலையைக் கடக்கும் இடங்களில் கேட், கேட்டுக்கு ஓர் ஆள், அந்த ஆளுக்கு ஒரு வீடு. ஸ்டேஷனில் ஆள், சிக்னலுக்கு ஆள், கார்டு, ஓட்டுநர். வண்டியை 1200 குதிரைத்திறன் எஞ்சின் இழுத்தாலும் 130 குதிரைத்திறன் எஞ்சின் இழுத்தாலும் இவர்கள் எல்லோருக்கும் சம்பளம் அதே சம்பளம்தான், வேலிக்கு ஆகும் கம்பியும் அதே கம்பிதான்.

இதற்குச் சாட்சியாக அதே நாட்டிலேயே இன்னும் இரண்டு பாதைகள் இருக்கின்றன. மேற்கு கிளேர் ரயில்வே, மூன்றடிக் குறுகிய பாதை. அங்கே நீராவியை அறவே ஒழித்துவிட்டு, 1952இல் நாலு டீசல் ரயில்கார்கள் (எஞ்சினும் பயணிகள் இருக்கைகளும் ஒரே பெட்டியில் உள்ளவை), 1955இல் மூன்று டீசல் எஞ்சின்கள் என்று புத்தம் புதிதாகப் போட்டார்கள். அந்த மூன்றுதான் எஃப் வகை, விகன் நகரத்து வாக்கர் பிரதர்ஸ் கட்டியவை, ஒவ்வொன்றிலும் இரண்டு கார்ட்னர் எஞ்சின். டீசலாக்கம் ஒரு பாதையைக் காப்பாற்றும் என்றால் முதலில் காப்பாற்றப்பட்டிருக்க வேண்டியது இதுதான். 1961 ஜனவரி 31 அன்று மூடினார்கள். எஞ்சின்களுக்கு வயது ஆறு.

இன்னொன்று டொனிகல் மாவட்ட ரயில்வே. அங்கே நிர்வாகம் பார்த்த ஹென்றி ஃபோர்ப்ஸ் சிக்கனத்துக்குப் பெயர் போனவர். 1930களின் தொடக்கத்திலேயே டீசல் ரயில்கார் ஓட்டிக் காட்டியவர்கள் அவர்கள். பஸ் மாதிரி உடம்பு, தண்டவாளத்தில் ஓடும், வயல் நடுவே இருக்கும் சின்ன நிறுத்தத்தில்கூட நின்று ஏற்றிக்கொள்ளும், பின்னால் ஒன்றிரண்டு வேகனும் இழுக்கும். அதைவிடச் சிக்கனமாக ஒரு ரயிலை நடத்த முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. அந்தப் பாதை 1959 டிசம்பர் 31 வரை நீடித்தது. சிக்கனம் அதற்கு நிறைய வருஷங்களை வாங்கிக் கொடுத்தது, அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன், ஆனால் லாரியும் காரும் சாலையில் பெருகிய பிறகு அந்த வருஷங்களும் தீர்ந்துவிட்டன.

இதன் நடுவே அரசின் முடிவுகளும் வந்து சேர்ந்தன. 1957இல் ஜேம்ஸ் பெடி தலைமையிலான குழு, ஏறத்தாழ 1,900 மைல் ரயில் பாதையை 850 மைலாக வெட்டலாம் என்று அறிக்கை கொடுத்தது. 1958 போக்குவரத்துச் சட்டம் பாதைகளை மூடும் அதிகாரத்தை சி.ஐ.இ. கையிலேயே கொடுத்து, ஐந்து வருஷத்துக்குள் வரவும் செலவும் சரிக்கட்ட வேண்டும் என்று கெடுவும் வைத்தது. டாட் ஆண்ட்ரூஸ் சி.ஐ.இ.யின் தலைவராக வந்து பாதைகளை மூட ஆரம்பித்தார். டப்ளின் ஹார்கோர்ட் தெரு பாதையே அந்த வருஷக் கடைசியில் போய்விட்டது. இவ்வளவுக்கும் நடுவில், 1961-62இல், கிளைப்பாதைக்கும் ஷண்டிங்குக்கும் என்று இன்னும் ஏழு குட்டி டாய்ட்ஸ். ஒரு கையால் கிளைகளை வெட்டிக்கொண்டே மறு கையால் கிளைகளுக்கு எஞ்சின் வாங்கிய இந்த இடத்தில்தான் திட்டம் பிசகியது என்பது என் கருத்து. இரண்டாவது தடவை வாங்கியதற்கு ஷண்டிங்கை மட்டும் காரணமாகச் சொல்லியிருந்தால் கணக்கு வேறு மாதிரி போயிருக்கும்.

சி வகைக்கும் இதே கதிதான் நேர்ந்தது என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும். மெட்ரோபாலிட்டன் விக்கர்ஸ் கட்டிய முப்பத்து நான்கு எஞ்சின்கள், கிராஸ்லி எஞ்சின், 550 குதிரைத்திறன், நோக்கம் கிளைப்பாதை. வந்து இறங்கிய கொஞ்ச காலத்திலேயே கிளைகள் போக ஆரம்பித்தன. மெயின்லைனுக்கோ சக்தி போதவில்லை. ஆனால் சி வகைக்கு ஒரு வழி இருந்தது. 1960களின் கடைசியில் தொடங்கி, கிராஸ்லியைத் தூக்கிவிட்டு ஜெனரல் மோட்டார்ஸ் எஞ்சினைப் பொருத்தினார்கள், சக்தி 1,100 ஆனது, பல வருஷம் வேறு வேலை பார்த்தன. உடம்பு பெரிதாக இருந்ததால் முடிந்தது. ஜி வகையின் நாலு சக்கரத்தின் மேல் எந்த எஞ்சினை வைத்தாலும், மேலே சொன்ன அந்த ஐந்து டன் இழுவிசைக்கு மேல் அது போகாது. மாற்றி அமைக்க இடமே இல்லாத வடிவமைப்பு அது.

ஷண்டிங்கே போய்விட்டது

கிளைகள் போனால் என்ன, யார்டுகள் இருக்கின்றனவே, அங்கே ஷண்டராக இருந்திருக்கலாமே என்று கேட்கலாம். இருந்தன, கொஞ்ச காலம். ஆனால் 1970களில் அயர்லாந்தின் சரக்குப் போக்குவரத்தே உருமாறியது. ஒவ்வொரு ஊர் ஸ்டேஷனிலும் ஒரு வேகன் இரண்டு வேகன் என்று பொறுக்கி, யார்டில் கோர்த்து, வேறு யார்டில் பிரித்து அனுப்பும் பழைய முறையை ஏறக்கட்டினார்கள். அதற்குப் பதில் கன்டெய்னர், சிமென்ட், உரம் என்று ஒரே சரக்கு, ஒரே இடத்திலிருந்து ஒரே இடத்துக்குப் போகும் முழு ரயில்கள். முழு ரயிலைப் பிரிக்க வேண்டியதில்லை, பிரிக்க வேண்டாம் என்றால் ஷண்டருக்கு வேலை இல்லை.

கூடவே இன்னொன்று நடந்தது. ஜெனரல் மோட்டார்ஸிடமிருந்து 1961இல் பதினைந்து, 1962இல் முப்பத்தேழு, 1966இல் பன்னிரண்டு என்று அமெரிக்க எஞ்சின்கள் வந்திருந்தன. பெரிதும் இல்லை, சின்னதும் இல்லை, ஆயிரம் குதிரைத்திறனை ஒட்டியவை. இரண்டைச் சேர்த்துக் கட்டி எக்ஸ்பிரஸ் இழுக்கலாம், ஒன்றைத் தனியாக விட்டு யார்டில் பெட்டி தள்ளலாம். 1976-77இல் 071 வரிசையில் பதினெட்டுப் பெரிய எஞ்சின்கள் வந்து கனமான வண்டிகளை எடுத்துக்கொண்டதும், இந்த நடுத்தர எஞ்சின்கள் சில்லறை வேலைகளுக்குக் கிடைத்தன. காலையில் சரக்கு இழுத்துவிட்டு, மத்தியானம் ஷண்டிங் செய்துவிட்டு, சாயங்காலம் வேறு எங்காவது போகக்கூடிய எஞ்சின் கையில் இருக்கும்போது, யார்டையும் சின்னக் கிளைப்பாதையையும் விட்டு வெளியே போக முடியாத, 25 மைல் வேகத்துக்கு மேல் ஓடாத எஞ்சினுக்குத் தனியாக உதிரிபாகம் வைத்து, தனியாக மெக்கானிக் பழக்கி வைத்திருப்பதில் அர்த்தம் இல்லை. அதுவும் பத்தே பத்துக்கு.

1977 வாக்கில் ஜி வகையின் கதை சி.ஐ.இ.யில் முடிந்தது. இ வகை 1980களின் தொடக்கம் வரை தாக்குப் பிடித்தது. நடுத்தர அமெரிக்க எஞ்சின்களில் சில 2000களின் கடைசி வரை ஓடின. ஒவ்வொரு வேலைக்கும் ஓர் எஞ்சின் என்ற திட்டத்தைப் பற்றி அதற்கு வருகிறேன் என்று முன்னால் சொன்னேன் இல்லையா, இதுதான் அது. வேலை மாறாமல் இருக்கும் இடத்தில் அந்தத் திட்டம் சிக்கனமானது. வேலை மாறிக்கொண்டே இருந்த 1950, 60களின் அயர்லாந்தில், எந்த வேலைக்கும் ஓரளவு பொருந்தும் எஞ்சின்தான் கடைசியில் மலிவாக முடிந்தது, வாங்கும்போது விலை அதிகமாக இருந்தாலும்.

குட்டி எஞ்சினுக்குச் சரியான வீடு எது என்பதற்கும் அயர்லாந்திலேயே விடை உண்டு. சர்க்கரை ஆலைகள். கார்லோ, மாலோ, தர்ல்ஸ், டூவம் என்று நாலு ஊர்களில் பீட்ரூட் கிழங்கிலிருந்து சர்க்கரை எடுக்கும் ஆலைகள் இருந்தன. ஆலைக்குள் தண்டவாளம், அறுவடைக் காலத்தில் வேகன் வேகனாகக் கிழங்கு. அங்கே முதலில் ஜெர்மனியின் ஓரன்ஸ்டைன் கோப்பல் கட்டிய சின்ன நீராவி எஞ்சின்கள், பிறகு 88 குதிரைத்திறன் ரஸ்டன் டீசல்கள். ஜி வகையை விடவும் சின்னவை, ஆலைக்குக் கச்சிதமாகப் பொருந்தின. வேலி, கேட், ஸ்டேஷன் என்று ஒன்றும் இல்லாத, ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் இடம். எஞ்சினின் செலவுதான் அங்கே உண்மையிலேயே பெரிய செலவு, அதனால் சின்ன எஞ்சின் வாங்கியதன் பலன் கணக்கில் தெரிந்தது.

பத்தில் ஐந்து ஜி எஞ்சின்கள் இன்றும் இருக்கின்றன. சி.ஐ.இ. வாங்கிய மொத்தத்தில் பாதி பிழைத்திருக்கிறது என்பது எந்த எஞ்சின் வகைக்கும் பெரிய விகிதம், இவை ஒரு லாரியில் ஏற்றிக் கொண்டுபோகும் அளவுக்குச் சின்னதாக இருந்ததும் அதற்கு உதவியிருக்கும் என்று நினைக்கிறேன். ஜி601, ஜி616 இரண்டும் டீசல் ஆர்வலர்களின் பராமரிப்பில். ஜி611, ஜி613, ஜி617 மூன்றும் வடக்கு அயர்லாந்தின் டவுன்பேட்ரிக்கில், தன்னார்வலர்கள் நடத்தும் பாரம்பரிய ரயில்வேயில். இ வகையில் இ421, இ432 இரண்டும் அங்கேதான், அந்தச் சர்க்கரை ஆலை நீராவி எஞ்சின்கள் இரண்டும்கூட அங்கேதான். 2023 நவம்பரில் ஆற்று வெள்ளம் புகுந்து அந்த ரயில்வேயின் பட்டறையும் வண்டிகளும் தண்ணீரில் நின்ற படங்களைப் பார்த்தபோது மனசு கனத்துப் போனது. அங்கிருப்பவர்கள் மறுபடி சுத்தம் செய்து எழுந்து நின்றார்கள்.

ஐந்தடி மூன்று அங்குலப் பாதைக்குச் செய்த எஞ்சின்கள் இவை, 1600 மில்லிமீட்டர். அயர்லாந்தை விட்டால் ஆஸ்திரேலியாவின் தெற்கிலும் பிரேசிலிலும்தான் அந்த அகலம் உண்டு, ஆகவே விற்கவும் வேறு ஊர் கிடையாது. டவுன்பேட்ரிக்கில் பாதை சின்னது, ஏற்றம் குறைவு, வேகம் தேவையில்லை. ஒரு பெட்டியைக் கொட்டகையிலிருந்து வெளியே எடுக்க வேண்டும், தண்டவாள வேலைக்கு ஜல்லி வேகன் ஒன்றைத் தள்ள வேண்டும். அதற்கு 160 குதிரைத்திறன் தாராளம்.